இரண்டு சோசூர்களும் ஒரு பரட்டைத் தலையும்
ஹேர் டிரையர் வாங்குவது பற்றிச் சில குறிப்புகள்

‘ஹேர் டிரையர் பத்தியா? நம்ம பத்திரிகையிலயா?’ என்று கேட்டார் தோழர் ஒருவர். அந்தக் கேள்வியில் ஒரு முன்முடிவு இருக்கிறது. அரிசி விலை அரசியல். ஆற்று மணல் அரசியல். தலைமயிர் மட்டும் ‘பொம்பளைங்க சமாச்சாரம்’. பெண்கள் கூந்தலை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் மேடையேறிப் பேசிய ஊர் இது. அந்த ஊரிலேயே முடியைப் பற்றிப் பேச இன்னும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ‘எழுதித் தரேன், படிச்சிட்டுச் சொல்லுங்க’ என்றேன்.

எனக்குச் சுருட்டை முடி. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அது சுருட்டையாக இருக்காது. ஒவ்வொரு இழையும் தனித்தனியே எழுந்து நிற்கும். நான் வேலைக்குப் போகிற தனியார் கல்லூரி ஒன்றில், நேர்காணல் முடிந்து எழுந்தபோது குழுவில் இருந்த ஒருவர் சொன்னது இது: ‘பாடம் நல்லா எடுக்கிறீங்கம்மா. சேர்றப்ப மட்டும் கொஞ்சம் தலையைச் சரி பண்ணிட்டு வாங்க.’ எம்.ஏ. தமிழ் படித்து, ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, நாற்பது நிமிடம் கலித்தொகை பேசியதற்குப் பிறகு மிஞ்சியது தலை. வேலை தேவைப்பட்டது. அன்று மாலையே கடைக்குப் போய், இருந்ததிலேயே ‘பவர்’ அதிகமான ஒன்றை வாங்கினேன். இரண்டே மாதத்தில் நுனிகள் பிளந்தன. ஒருநாள் முடி கருகிய நாற்றமும் வந்தது. பரட்டை போகவில்லை. முன்பைவிட மோசமாயிற்று.

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ‘இதுல காத்துக்குத் தனி சுவிட்ச், சூட்டுக்குத் தனி சுவிட்ச் இருக்கா?’ கடைப்பையன் ஒரு நிமிடம் யோசித்தான். ‘அதெல்லாம் யாரும் கேக்கிறதில்ல மேடம். இது ரெண்டாயிரம் வாட், அயானிக். பரட்டையை அப்படியே அடக்கிடும்.’

யாரும் கேட்காத அந்தக் கேள்விதான் ஏன் முக்கியம், அதை ஏன் யாரும் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரை.

1

முதலில் ‘அடக்கிடும்’ என்ற சொல். காளையை அடக்குவோம், கலகத்தை அடக்குவோம், வாயை அடக்குவோம். விளம்பரங்களின் சொல்லாடலில் சுருள் முடி எப்போதும் ஒரு கலகக்காரி. இயந்திரமோ, பாட்டில் சீரமோ, பார்லர் பெண்ணோ வந்து அவளை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். ஒழுங்கு என்பது நேராக, பளபளப்பாக, காற்றில் ஒரே திசையில் வழுக்குவது.

தமிழில் ‘பரட்டை’ என்ற சொல் வெறும் வடிவத்தைக் குறிப்பதில்லை. 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் ஊர்ச் சண்டியருக்கு வைத்த பெயரே பரட்டைதான். சுருட்டை என்றால் அழகு; பரட்டை என்றால் ஆள் சரியில்லை. ‘எண்ணெய் தண்ணி காணாத தலை’ என்று கிராமத்தில் சொல்வார்கள். எண்ணெய்க்குக் காசில்லாதவள், தண்ணீர்க் குழாயடியில் நிற்க நேரமில்லாதவள், தலைவாரிவிட ஆளில்லாதவள் என்ற மூன்றும் அந்த ஒரு தொடருக்குள் இருக்கின்றன. அவை வறுமையின் விவரங்கள். ஆனால் வசவாக மாறும்போது அவை அவளது குணத்தின் விவரங்களாகிவிடுகின்றன. ‘மயிர்’ என்ற நல்ல பழந்தமிழ்ச் சொல்லே கெட்ட வார்த்தையாகிப்போன மொழியில் இது ஆச்சரியமில்லை.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘தொன்மங்கள்’ நூலில் ஒரு சிறு கட்டுரை உண்டு. ஜூலியஸ் சீசர் படத்தில் வரும் ஆண்கள் எல்லோரும் நெற்றியில் முடி விழும்படி வாரியிருப்பார்கள். அந்த நெற்றிமுடியே ‘இவர்கள் ரோமானியர்கள்’ என்று பார்வையாளருக்குச் சொல்லிவிடுகிறது என்பார். முடி அங்கே குறியாக வேலை செய்கிறது. நம் நேர்காணல் அறைகளிலும் அதே வேலைதான் நடக்கிறது. நேரான முடி ‘பொறுப்பானவர்’ என்று சொல்கிறது. பரட்டை ‘இவர் தயாராகவில்லை’ என்று சொல்கிறது. யார் சொல்ல வைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

வேறு நாடுகளில் இதற்கு இன்னும் கொடிய வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவில் மக்களை நிறவாரியாகப் பதிய 1950இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் வெள்ளையரா இல்லையா என்ற ஐயம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. பென்சில் கீழே விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. நிறவெறி ஆட்சி போய்ப் பல ஆண்டுகள் கழித்து, 2016இல், பிரிட்டோரியாவின் பெண்கள் பள்ளி ஒன்றில் கறுப்பின மாணவிகள் தங்கள் முடியை ‘ஒழுங்காக’ வைக்கச் சொல்லும் விதிகளுக்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019இல்தான் முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. அந்த வரலாற்றைத் தூக்கி வந்து அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. அங்கே நிறம், இங்கே சாதியும் வர்க்கமும் பாலும் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் முடியின் வடிவத்தை ஒழுக்கத்தின் அளவாக மாற்றும் காரியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

2

சொல்லைக் கட்டுடைத்துவிட்டால் முடி காய்ந்துவிடாது. நம் எழுத்தாளர்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்கு ஈரத்தலை என்பது சொல்லாடல் அல்ல, ஈரத்தலைதான். ஆகவே பொருளுக்கு வருவோம்.

ஒரு மயிரிழையின் வெளிப்புறம் செதில்களால் ஆனது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல அவை ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. உள்ளே கெராட்டின் என்னும் புரத இழைகள். இந்த இழைகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. அது உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. மற்றது ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே பார்த்தால் பலவீனம், எண்ணிக்கையிலோ ஏராளம். நனைந்தால் அறும், காய்ந்தால் மறுபடி சேரும். எந்த வடிவில் இருக்கும்போது காய்கிறதோ அந்த வடிவத்திலேயே சேரும். ஈரத்தலையைப் பின்னிப் போட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்தால் அலை அலையாக வருகிறதே, அது இதனால்தான். ஹேர் டிரையர் செய்யும் வித்தையும் இவ்வளவே.

சுருள் முடியின் இழை வட்டமாக இருப்பதில்லை; குறுக்கே வெட்டினால் நசுங்கிய நீள்வட்டம். அது முளைக்கும் குழியும் வளைந்தது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அந்த வளைவுகளில் இறங்கி நுனிக்குப் போய்ச் சேருவது சிரமம். ஆகவே நுனி வறண்டிருக்கும். வளைவுகளில் செதில்கள் தூக்கிக்கொண்டிருக்கும். ஈரமான காற்று வந்தால் அந்த இடுக்குகள் வழியாக நீர் உள்ளே போகும். உள்ளே போன நீர் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கலைக்கும். இழைகள் ஒவ்வொன்றும் வேறுவேறு அளவில் உப்பி, வேறுவேறு பக்கம் வளைந்து, கூட்டத்தைவிட்டு வெளியேறும். இதைத்தான் பரட்டை என்கிறோம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் உள்ளூருக்குப் போனால் ‘முடி நல்லா படியுதே’ என்று சொல்வதன் ரகசியம் ஷாம்பு அல்ல, காற்று.

இங்கே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க ஒரு கருவி செய்ய முயன்ற ஜெனீவா அறிஞர் ஒருவர், மனித முடியையே அளவுகோலாகப் பயன்படுத்தினார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போகும்போது முடி ஏறக்குறைய 2 விழுக்காடு நீள்கிறது. அந்த நீட்சியில் ஒரு முள்ளைக் கட்டிவிட்டால் அது காற்றின் ஈரத்தைக் காட்டும். 1783இல் இது பற்றி அவர் நூல் எழுதினார். முடியால் ஆன ஈரமானிகள் இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் புழங்கின. அந்த அறிஞரின் பெயர் ஒராஸ் பெனடிக் த சோசூர். குறி, குறிப்பான், குறிப்பீடு என்று நாம் ஓயாமல் மேற்கோள் காட்டும் மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் த சோசூருக்கு இவர் கொள்ளுத்தாத்தா.

கொள்ளுத்தாத்தாவுக்கு முடி என்பது காற்றைப் பற்றிய தகவல். அதன் நீட்சிக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவு இயற்கையானது. கொள்ளுப்பேரனோ குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித் தன்மையுடையது, சமூகம் ஒப்புக்கொண்டதால் மட்டுமே நிற்பது என்றார். நம் பரட்டையின் கதை இந்த இரண்டு சோசூர்களுக்கும் நடுவில் நடக்கிறது. முடி எழுந்து நின்று ‘இன்று காற்றில் ஈரம் அதிகம்’ என்கிறது. நேர்காணல் குழு அதை ‘இவள் ஒழுங்கில்லாதவள்’ என்று வாசிக்கிறது. முதலாவது அளவை, இரண்டாவது தீர்ப்பு. நல்ல ஹேர் டிரையரைத் தேர்ந்தெடுப்பது என்றால், தீர்ப்பை ஒதுக்கிவிட்டு அளவையைக் கணக்கில் எடுத்துக்கொள்வது.

3

கருவி எளிமையானது. பின்னால் ஒரு சிறு மின்விசிறி. நடுவில் அப்பிரகத் தகட்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி, பழைய மின் அடுப்புகளில் சிவக்குமே, அந்த ரகம். விசிறி காற்றைத் தள்ளுகிறது. கம்பி சுட வைக்கிறது. அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு பாதுகாப்பு. 1890 வாக்கில் பிரான்சில் கோதஃப்ருவா என்ற முடிதிருத்துநர் தன் கடையில் நிறுவியது நகர்த்த முடியாத இயந்திரம். கையில் பிடிக்கும் வகை 1920களில் பரவியது. அன்றைக்கு அது கனமான உலோகம், பலவீனமான காற்று. இன்றைக்கு இலேசான பிளாஸ்டிக், பலமான சூடு. சூடு கூடிய அளவுக்குக் கட்டுப்பாடு கூடியதா என்பதுதான் பிரச்சினை.

கடையில் நம்மிடம் முதலில் சொல்வது வாட் கணக்கு. வாட் என்பது அந்தக் கருவி மின்சாரம் எடுக்கும் வேகம். முடிக்கு நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. ஒரு கணக்குப் போடுவோம். 1200 வாட் கருவி ஒன்று வினாடிக்கு 20 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று அறைவெப்பத்தைவிடச் சுமார் 50 டிகிரி கூடுதலாகச் சூடாகும். 30 டிகிரி அறையில் 80 டிகிரிக் காற்று. அதே 1200 வாட், விசிறி மட்டும் இரு மடங்கு நல்லதாக இருந்து 40 லிட்டர் தள்ளினால், கூடுவது 25 டிகிரிதான். காற்று 55 டிகிரியில் வரும். வாட் ஒன்று, மின்கட்டணம் ஒன்று, ஆனால் ஒன்று முடியைச் சுடுகிறது, மற்றது உலர்த்துகிறது. ஆகவே முடியை உலர்த்தப் பார்க்க வேண்டியது காற்றின் அளவு. சூடு அதற்குத் துணை.

‘அப்ப மெஷினே வேணாம், ஃபேனுக்கு அடியில காய வெச்சாப் போதும்’ என்பார் அம்மா. அவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. கொரியாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. முடிக்கற்றைகளை 15 செ.மீ. தூரத்தில் 47 டிகிரியிலும், 10 செ.மீ. தூரத்தில் 61 டிகிரியிலும், 5 செ.மீ. தூரத்தில் 95 டிகிரியிலும் உலர்த்தினார்கள். இன்னொரு தொகுதியைத் தானாகக் காயவிட்டார்கள். சூடு ஏற ஏறச் செதில்கள் அதிகம் சேதமாயின. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று: செல்களை ஒட்டிவைக்கும் உள் அடுக்கு சேதமானது தானாகக் காய்ந்த தொகுதியில்தான். நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் முடிக்குக் கேடு. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்துவது, தானாகக் காயவிடுவதைவிடக் குறைந்த சேதம் தரும் என்பது அவர்கள் முடிவு.

இதை நம் ஊர்ப் பெண்களின் காலைப்பொழுதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஐந்து மணிக்குத் தலைக்கு ஊற்றி, அடுப்படி வேலை முடித்து, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டை போட்டு, பஸ்ஸில் நின்று, மதியம் வரை அந்த ஈரத்தோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு உலர்த்தி என்பது ஆடம்பரமல்ல. அவளுக்கு அது பத்து நிமிட நேரம். 1500 வாட் கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினால் கால் யூனிட் மின்சாரம் ஆகிறது.

4

இனி, கடையில் நின்று பார்க்க வேண்டியவை. வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, அந்த யாரும் கேட்காத கேள்வி. மலிவான பல கருவிகளில் ஒரே சுவிட்ச் இருக்கும்: 0, 1, 2. ஒன்றில் காற்றும் கம்மி, சூடும் கம்மி. இரண்டில் இரண்டும் அதிகம். பலமான காற்று வேண்டுமென்றால் பலமான சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். சுருள் முடிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். வேரில் பலமான காற்று, மிதமான சூடு. நுனியில் மெதுவான காற்று, குறைந்த சூடு. இரண்டையும் பிரித்துத் தரும் கருவியே நமக்கானது. என் முதல் கருவி கருக்கியது இதனால்தான்: காற்றைக் கூட்டினேன், சூடு தானாகக் கூடியது.

இரண்டு, குளிர்காற்றுப் பொத்தான். ‘கூல் ஷாட்’ என்று போட்டிருப்பார்கள். அழுத்தினால் கம்பி அணையும், விசிறி மட்டும் ஓடும். ஹைட்ரஜன் பிணைப்புகள் காயும்போது சேர்கின்றன. சூடு ஆறும்போது வடிவம் நிலைக்கிறது. சூட்டோடு விட்டுவிட்டு உடனே கையால் கோதினால் எல்லாம் கலைந்துபோகும். பொத்தானை அழுத்தி, கையால் தொட்டுப் பாருங்கள்: பத்து வினாடிக்குள் காற்று உண்மையிலேயே ஆறுகிறதா? சிலவற்றில் அந்தப் பொத்தான் சும்மா பேருக்குத்தான் இருக்கும்.

மூன்று, டிஃபியூசர். அகலமான கிண்ணம் போல, உள்ளே விரல்கள் முளைத்து, துளைகள் நிறைந்த மூடி. வாயில் மாட்டினால் ஒரே இடத்தில் பாயும் காற்று பரந்து, வேகம் குறைந்து வரும். சுருள்கள் கூட்டமாகக் காயும், பிரிந்து பறக்காது. கூட்டமாகக் காய்ந்த சுருள்தான் பரட்டையாகாமல் நிற்கும். சுருட்டை, அலைமுடி இரண்டுக்கும் இது கட்டாயம். கூடவே தருகிறார்களா என்று பாருங்கள். தராவிட்டால் கருவி வாயின் விட்டத்தை அளந்துகொண்டு தனியே வாங்கலாம். தட்டையான வாய் கொண்ட நாசில் என்பது முடியை நீட்டி உலர்த்துபவர்களுக்கு. அதை வைத்தால் காற்றை எப்போதும் வேரிலிருந்து நுனிக்குப் போகுமாறு பிடிக்க வேண்டும். ஓட்டுக் கூரையைக் கீழிருந்து மேலே தடவினால் ஓடு பெயரும் அல்லவா?

நான்கு, பிளக். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. நம் வீடுகளில் 230 வோல்ட். 1200 வாட் கருவி 5 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். 2000 வாட் ஏறக்குறைய 9 ஆம்பியர். படுக்கையறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளக் பாயின்ட் இந்தப் பெரிய கருவிக்குப் போதாது. 15 ஆம்பியர் பாயின்ட் பெரும்பாலும் சமையலறையில் இருக்கும், அல்லது கீசருக்காகக் குளியலறையில் இருக்கும். ‘கன்வர்ட்டர்’ மாட்டிச் சின்ன பாயின்ட்டில் சொருகினால் பிளக் உருகும், ஒயர் பற்றும். குளியலறையில் சொருகினால் அதைவிட ஆபத்து. சுவிட்ச் அணைத்திருந்தாலும், பிளக்கில் சொருகியிருக்கும் கருவி தண்ணீரில் விழுந்தால் உயிரைக் கொல்லும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். சின்னப் பாயின்ட் மட்டும்தான் என்றால் 1200 வாட்டுக்கு மேல் போக வேண்டாம். காற்று நன்றாக வந்தால் அதுவே போதும். வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டு வைப்பது நல்லது. பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள்.

ஐந்து, எடை. அரைக் கிலோவுக்கு மேல் போனால், தலைக்கு மேல் பத்து நிமிடம் தூக்கிப் பிடிக்கத் தோள் வலிக்கும். வலித்தால் என்ன செய்வோம்? கிட்டே கொண்டுவருவோம். 15 செ.மீ. 5 செ.மீ. ஆகிவிடும். 47 டிகிரி 95 ஆகிவிடும். கடையிலேயே கையைத் தூக்கிப் பிடித்து இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆறு, பின்பக்க வலை. காற்று உள்ளே வரும் வழி அது. தூசியும் முடியும் அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால், முன்பு போட்ட கணக்குப்படி, சூடு கூடும். கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிற வலையாக இருக்க வேண்டும்.

இனி, காசு கொடுக்கத் தேவையில்லாதவை. ‘அயானிக்’ என்றால் கருவி எதிர்மின் அயனிகளை வெளியிடுகிறது என்று பொருள். முடியில் ஏறும் நிலைமின்சாரத்தை அது தணிக்கலாம். நீர்த்துளிகளைச் சிறு துகள்களாக உடைத்து முடிக்குள் செலுத்துகிறது என்பது விளம்பரப் பேச்சு. நிலைமின்சாரம் வறண்ட குளிர்நாட்டுத் தொல்லை. நம் கடலோர ஈரக்காற்றில் முடி எழுவது அதனால் அல்ல, நீரால். வேறு ஊரின் வியாதிக்கான மருந்தை நமக்கு விற்கிறார்கள். ‘செராமிக்’, ‘டூர்மலின்’ என்ற பெயர்களில் செராமிக் கம்பியமைப்பு சூட்டைச் சீராகப் பரப்ப உதவும். வெறும் மேல்பூச்சு சிலநாளில் உதிரும். 2016க்குப் பிறகு, காற்றின் வெப்பத்தை வினாடிக்குப் பலமுறை அளந்து கட்டுப்படுத்தும் கருவிகள் சந்தைக்கு வந்தன. தொழில்நுட்பம் உண்மையானது, விலையும் உண்மையானதுதான், சில பத்தாயிரங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது ஒரு மாதச் சம்பளம். அந்தக் கருவி தானாகச் செய்வதை, இரண்டு தனி சுவிட்சும் ஒரு குளிர்காற்றுப் பொத்தானும் உள்ள இரண்டாயிரம் ரூபாய்க் கருவியை வைத்து நம் கையால் செய்துகொள்ளலாம்.

5

கருவி பாதி, கை பாதி. தலைக்கு ஊற்றியதும் துண்டை முறுக்கி முடியைப் படார் படாரென்று தட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது செதிலைத் தூக்கிவிடும். பழைய பருத்தி வேட்டித் துணியால் கீழிருந்து மேலாகப் பொத்திப் பிழிந்தால் போதும். அகலப் பல் சீப்பால் ஈரத்திலேயே சிக்கெடுத்துவிட்டு, காய்ந்த பிறகு சீப்பைத் தொடாதீர்கள். சுருள் முடியைக் காய்ந்தபின் சீவினால் பரட்டையை நாமே உண்டாக்குகிறோம். கால்மணி நேரம் காற்றாட விட்டபின் டிஃபியூசரில் முடியை ஏந்தி, மிதச் சூட்டில், வேர் முதலில், நுனி கடைசியில். முக்கால்வாசி காய்ந்ததும் குளிர்காற்று. ஆறும்வரை கை வைக்கக் கூடாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு உப்பு முடியில் படிந்து சொரசொரப்பாகும். அதை எந்தக் கருவியும் தீர்க்காது. கடைசி ஒரு சொம்பு நல்ல தண்ணீர் தீர்க்கும்.

அம்மாக்களின் தேங்காய் எண்ணெயையும் விட்டுவிட வேண்டாம். அது முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்றும் 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. குளிப்பதற்கு முன் தடவுங்கள். காய்ந்த முடியில் சொட்டச் சொட்டத் தடவிக்கொண்டு சூடு காட்டாதீர்கள்.

சூடான காற்றில் முடியை உலர்த்துவது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததும் அல்ல. சங்கப் பாடல்களில் பெண்கள் ஐம்பாலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு கவிழ்த்த கூடைக்கு அடியில் சாம்பிராணி போட்டு, மேலே முடியை விரித்துப் படுத்திருந்த பாட்டிமார்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். கூடை என்ன செய்தது? சூட்டை நேராகப் பாயவிடாமல் பரப்பியது. அதுதான் டிஃபியூசர். ஆனால் பெருமை பேசி முடிக்க முடியாது. அகிலும் சாம்பிராணியும், அதைவிட, படுத்திருக்க ஒரு மணி நேரமும் யாருக்கு வாய்த்தது? நாற்று நட்டவளுக்கு வாய்க்கவில்லை. அவள் தலையைத்தான் பரட்டை என்றோம்.

6

இவ்வளவு விவரமும் எதற்கு என்று கேட்கலாம். ‘போய் ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிட்டா ஆறு மாசத்துக்குக் கவலையில்ல’ என்று பார்லரில் சொல்கிறார்கள். நேர்காணலுக்குப் பிறகு எனக்கும் சொன்னார்கள். ஹேர் டிரையர் தொடுவது ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும். அடுத்த குளியலில் முடி தன் இயல்புக்குத் திரும்பிவிடும். நிரந்தரமாக நேராக்கும் ரசாயனங்களில் பல கந்தகப் பிணைப்பையே உடைக்கின்றன. ‘கெராட்டின்’ என்ற பெயரில் செய்யப்படும் சிலவற்றில், சூடு காட்டும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 2022இல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது என்றது அது. அந்தத் தொடர்பே காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. ஆனால் ‘தலையைச் சரி பண்ணிட்டு வாங்க’ என்று சாதாரணமாகச் சொல்பவர், எந்த அளவுக்கு உடலைச் சரி செய்யச் சொல்கிறார் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். அந்த நாளெல்லாம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தப் புகைக்குள் வேலை செய்யும் பார்லர் பெண்ணின் மூச்சைப் பற்றி நாமும் யோசித்திருக்க மாட்டோம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. கடையில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: காற்று தனி, சூடு தனி இருக்கிறதா? நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளிடம் ‘யாரும் கேக்கிறதில்ல’ என்று கடைப்பையனால் சொல்ல முடியாது. இரண்டாவது, நேர்காணல் குழுக்களில் உட்காரும் வாய்ப்பு இந்தப் பத்திரிகை வாசகர்களில் சிலருக்காவது இருக்கும். எதிரே வந்து உட்காரும் பெண்ணின் முடி எழுந்து நின்றால், அவளைப் பற்றி எதுவும் எழுதிக்கொள்ள வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். அநேகமாக மழை வரப்போகிறது.